எழுதாமல் விட்ட பதினோராவது காரணம்

போன மாதம் ஜூனியர் வக்கீல்களான உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "சார், கொலை வழக்கு அப்பீலுக்கு நல்ல மாடல் மெமோ ஒண்ணு இருந்தா குடுங்க, பாத்து எழுதிக்கிறேன்" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். என் அலமாரியில் ஒன்று இருக்கிறது. தீர்ப்பு ஏன் தவறு என்பதற்குப் பத்து காரணங்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு எடுத்துப் படித்தாலும் ஒரு சொல்லை மாற்றத் தோன்றாது. அன்று என் சீனியர் அதைப் படித்துவிட்டு, "பிரமாதம்டா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பிரமாதமான மெமோவோடு ஒரு மனிதர் ஜெயிலுக்குள் போனவர் போனவர்தான்.

அதனால்தான் கொடுக்கவில்லை. கதையைச் சொல்கிறேன், மெமோ எதற்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. நான் சென்னையில் ஹைகோர்ட்டில் சீனியரிடம் ஜூனியர். சொந்த ஊர் ஆலங்காயம். அப்பாவுக்கு அங்கே புளி, தேன், கடுக்காய் மண்டி. மலையிலிருந்து இறங்குகிற சரக்கெல்லாம் எங்கள் மண்டியில்தான் வந்து விழும். மலைக்காரர்களைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவன் என்பதால், எனக்கு ஜவ்வாது மலை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஒருநாள்கூட மலை மேல் ஏறியதில்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை. அடிவாரத்துக்காரர்களுக்கு உண்டான திமிர் அது. தராசுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டே அந்தப் பக்கத்து ஆளை முழுதாகத் தெரிந்துவிட்டதாக எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தபோது செல்லி என்றொரு பெண் மண்டிக்கு வந்தாள். மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரி. விடியற்காலையில் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மடியிலிருந்து துணி சுற்றிய ஒரு காகிதக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பின் நகல். அவள் புருஷன் சடையனுக்கு ஆயுள் தண்டனை.

வழக்கு இதுதான். சடையனுடைய சாமை நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்காரன் பொன்னனுடைய நிலத்துக்கும் நடுவே ஒரு பழைய புளியமரம். அந்த வருடம் காய்ப்பு அதிகம், யாருக்கு எத்தனை கிளை என்று தகராறு. "இனிமே என் நெலத்துல கால வெச்சின்னா பாரு" என்று ஊரார் காதில் விழ சடையன் கத்தியிருக்கிறான். மறுநாள் சாயங்காலம் பொன்னன் அதே மரத்தடியில், சடையன் நிலத்துப் பாறைமேல் தலை உடைந்து கிடந்தான். அதற்கு அடுத்த நாள் ஊர்க்கூட்டம் கூடியது. சடையன் கூட்டத்தின் நடுவே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தப்பு என்னுது" என்று சொல்லி, ஒரு ஆடும் மூன்று மரக்கால் சாமையும் தெண்டம் கட்டினான். இரண்டு நாள் கழித்து செய்தி கீழே போய், போலீஸ் மேலே வந்தது.

தகராறு இருக்கிறது, பிணம் அவன் நிலத்தில் இருக்கிறது, ஊர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறான். ஊர்த் தலைவரான கவுண்டரே கூண்டில் ஏறி, "ஆமாங்க, வுழுந்தான். தப்பு என்னுதுன்னு சொன்னான்" என்று சாட்சி சொல்லிவிட்டார். செஷன்ஸ் நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

நான் மூட்டைமேல் உட்கார்ந்து தீர்ப்பைப் புரட்டப் புரட்ட எனக்கு உற்சாகம் ஏறியது. டாக்டர் குறுக்கு விசாரணையில், மரத்திலிருந்து பாறைமேல் விழுந்தாலும் இதே காயம் வரும் என்று ஒப்புக்கொண்டிருந்தார். அடித்ததாகச் சொல்லிப் போலீஸ் கைப்பற்றிய கழியில் ரத்தக்கறை இல்லை. புகார் மூன்று நாள் தாமதம். பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போனேன். செல்லி என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீலய்யா, அவரு வுழுந்தது அதுல கீதா?" என்றாள்.

"கீதும்மா. அதான் நமக்கு எதிரா கீது."

"காளியம்மா தூக்கிவுட்டா. அது கீதா?"

காளியம்மா என்றால் செத்துப்போன பொன்னனின் மனைவி. நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அதெல்லாம் கோர்ட்டுக்கு வேணாம்மா. நமக்கு சட்டப் பாயிண்டே நெறைய கீது. நீ கவலப்படாத."

"ரெண்டு தோளையும் புடிச்சுத் தூக்கிவுட்டா. ஊரே பாத்துச்சு. அத்தக் காயிதத்துல எழுதுங்க."

"சரி, சரி, பாக்கலாம்" என்றேன். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். புருஷனைப் பறிகொடுத்தவளே மனமிரங்கிக் கைகொடுத்தாள் என்று சொல்ல வருகிறாள், இந்த உருக்கமெல்லாம் ஹைகோர்ட்டில் எடுபடாது என்பது என் அபிப்பிராயம். என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்னொன்றும் அதே தீர்ப்பில் இருந்தது. போலீஸின் சாட்சிப் பட்டியலில் காளியம்மாவின் பெயர் இருந்தது. ஆனால் அவளைக் கூண்டில் ஏற்றாமலேயே விட்டிருந்தார்கள். செத்தவனின் மனைவியை ஏன் விசாரிக்காமல் விட்டார்கள்? ஒரு பச்சைக் குழந்தைக்குக்கூட அந்தக் கேள்வி தோன்றும். எனக்குத் தோன்றியது வேறு: நல்லதாய்ப் போயிற்று, புருஷனை இழந்தவள் கோர்ட்டில் வந்து அழுதிருந்தால் நம் கட்சி இன்னும் மோசமாகியிருக்கும். இதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து, சீனியரிடம்கூடச் சொல்லிக்கொண்டேன். அவரும் தலையாட்டினார்.

பத்து காரணங்கள் எழுதினேன். ஊர் முன்னால் விழுந்ததைப் பற்றி ஆறாவது காரணத்தில் ஒன்றரை வரி: போலீஸுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் வெளியே தரும் வாக்குமூலம் பலவீனமான சாட்சியம், அதை மட்டும் நம்பித் தண்டிக்கக் கூடாது. அவ்வளவுதான். மற்ற ஒன்பதையும் செதுக்கு செதுக்கு என்று செதுக்கினேன்.

அப்பீல் விசாரணைக்கு வந்த அன்று சீனியருக்கு வேறு கோர்ட்டில் பாதியில் நின்ற ஒரு வாதம். "நீயே பண்ணுடா, உன் மெமோதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் கொலை அப்பீல். இரண்டு நீதிபதிகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் டாக்டர் சாட்சியத்தைப் படித்துக் காட்டினேன். மூத்த நீதிபதி கவனமாகக் கேட்டார். மரத்திலிருந்து விழுந்திருக்கலாம் என்ற இடத்தில் குறிப்பு எழுதிக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு குதியாட்டம்.

சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்ததும் அவர் கேட்டார். "வக்கீல் சார், மரத்திலிருந்து தானாக விழுந்து செத்திருந்தால், உங்கள் கட்சிக்காரர் எதற்கு ஊர் முன்னால் விழ வேண்டும்? எதற்குத் தெண்டம் கட்ட வேண்டும்? குற்றமில்லாதவன் செய்கிற காரியமா இது?"

நியாயமான கேள்வி. என்னைப் பொறியில் சிக்கவைக்கக் கேட்டதல்ல. அவருக்கு நிஜமாகவே பதில் வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் செல்லியின் குரல் காதில் கேட்டது: அத்தக் காயிதத்துல எழுதுங்க. இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது.

இரண்டாவது நீதிபதி, "கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டுமா?" என்றுகூடக் கேட்டார். கேட்டிருக்கலாம். ஒரு வாரம் போதும். அப்பீல் கோர்ட்டே கூடுதல் சாட்சியம் எடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரு மனு போட்டிருந்தால் காளியம்மாவைக் கூண்டில் ஏற்றியிருக்கலாம். ஆனால் அவகாசம் கேட்டால், 'பையனுக்குக் கேஸ் கட்டே தெரியவில்லை' என்று பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நினைப்பார்களே! சீனியர் திரும்பி வந்து, "வாய்தா வாங்கினியா?" என்று முகம் சுளிப்பாரே! என் மானம் எனக்கு அப்போது பெரிதாகப் பட்டது.

"வேண்டியதில்லை, மைலார்ட். அந்த வாக்குமூலம் சட்டப்படியே பலவீனமானது. ஆறாவது காரணத்தில் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

மூத்த நீதிபதி பேனாவை மூடினார். அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த வாரம் அப்பீல் தள்ளுபடி. தீர்ப்பில் ஒரு வரி: இந்தக் கேள்விக்கு அப்பீல்தாரர் தரப்பில் விளக்கம் ஏதும் தரப்படவில்லை. "விடுடா, அடுத்த கேஸ் கட்டப் பாரு" என்றார் சீனியர். அவர் கெட்டவரில்லை, தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். என்னால்தான் விட முடியவில்லை.

செல்லிக்கு யார் சொல்வது? கடிதம் போட்டால் மலைக்குப் போய்ச் சேர எத்தனை நாளோ. நானே போனேன். ஆலங்காயத்திலிருந்து ஜீப்பில் ஆட்களோடு ஆட்களாகத் தொங்கிக்கொண்டு, ஜீப் நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து. முதன்முதலாக மலை ஏறியது அன்றைக்குத்தான்.

ஊருக்குள் நுழைந்ததும் ஊர்க் கவுண்டர் வீடுதான் முதலில். செல்லியின் முகத்தைப் பார்க்கும் தைரியம் வருகிறவரைக்கும் அங்கே உட்கார்ந்தேன். வயதானவர், வெடுக்கென்று பேசுகிறவர். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாத்துக்குய்யா தள்ளிட்டாங்க?"

"ஊர் முன்னால ஏன் வுழுந்தான்னு கேட்டாங்க. பதில் இல்ல."

"இது ஒரு கேள்வியா? அவன் நெலத்துல தானே பொணம் கெடந்துச்சு. வுழாம?"

"கொன்னதுனாலதானே வுழுந்தான்?"

கவுண்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா பேசுற நீ? பாம்பு கடிச்சு செத்தாலும் வுழுவான். மரத்துல இருந்து வுழுந்து செத்தாலும் வுழுவான். யாரு நெலம் உசுரு வாங்குச்சோ அவன் வுழுவான். எங்கப்பனும் வுழுந்தாரு, நானும் ஒருவாட்டி வுழுந்துகிறேன். நாங்கெல்லாம் கொலகாரங்களா?"

அதே சூட்டில் அவரே தொடர்ந்தார்.

"வுழுந்தவன செத்தவன் வூட்டுக்காரங்க தொட்டுத் தூக்கணும். அவங்க மனசுல சந்தேகம் இருந்தா தொட மாட்டாங்க. முதுகத் திருப்பிக்கினு போய்டுவாங்க. அப்பதான் ஊரு கூடி விசாரிக்கும். காளியம்மா ரெண்டு கையாலயும் தூக்கிவுட்டா. அவதானே பாத்தா, புருஷன் மரத்துல இருந்து சறுக்குனத? கொன்னவன அவ தொடுவாளா?"

"இத ஏங்க கோர்ட்டுல சொல்லல?"

"கேட்டாத்தானே சொல்றது? வுழுந்தானான்னு கேட்டாங்க, வுழுந்தான்னேன். தப்பு என்னுதுன்னு சொன்னானான்னாங்க, சொன்னான்னேன். எறங்குன்னாங்க, எறங்கிட்டேன். பொய் சொல்லச் சொல்றியா என்னை?"

போலீஸ் காளியம்மாவை ஏன் கூண்டில் ஏற்றவில்லை என்பது அப்போது விளங்கியது. அவள் வாயைத் திறந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் தெரிந்து மறைத்ததை, நான் தெரியாமல் சேர்ந்து மறைத்திருக்கிறேன். என் பத்து காரணங்களுக்கும் மேலான பதினோராவது காரணத்தை ஒரு பெண் நடந்து வந்து மண்டியில் என் முன்னால் வைத்தாள். நான் மூட்டைமேல் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

காளியம்மா செல்லியின் வீட்டிலேயே இருந்தாள். இரண்டு பேருமாகச் சடையனின் நிலத்தையும் பொன்னனின் நிலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னை எவனுமே கூப்புடலியே, சாமி" என்றாள் காளியம்மா. தள்ளுபடி என்ற சொல்லைச் செல்லியிடம் நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொன்னபோது உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. ஆனால் எல்லாமே காலம் கடந்து செய்தவை. ஹைகோர்ட் தான் கையெழுத்துப் போட்ட தீர்ப்பைத் தானே மாற்ற முடியாது. எழுத்துப்பிழையை வேண்டுமானால் திருத்தும். டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனோம். கீழே எங்கும் சொல்லாத விஷயத்தை இங்கே எப்படிக் கேட்பது என்று சில நிமிடங்களில் முடித்துவிட்டார்கள். கடைசியாகக் கருணை மனு. காளியம்மா கைநாட்டு வைத்து, என் புருஷனை அவர் கொல்லவில்லை, நான் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தாள். அந்த ஃபைல் மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது.

சடையனை வேலூர் ஜெயிலில் பார்க்கப் போனேன். அதுவரை அவனை நான் பார்த்ததே இல்லை, யோசித்துப் பாருங்கள்! பத்து காரணம் எழுதியவன், யாருக்காக எழுதினானோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒடிசலான ஆள். இருமிக்கொண்டே இருந்தான். என் தவறை மறைக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அப்ப நான் அன்னைக்கு வுழாம இருந்திருந்தா வூட்டுல இருந்திருப்பேன், இல்லீங்களா?"

"ஆமாம்."

"வுழாம எப்பிடீங்க இருக்கிறது?" என்றான். பிறகு, சாமை விதைத்துவிட்டார்களா என்று கேட்டான். விதைத்துவிட்டார்கள் என்றேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன். வெட்கமாக இல்லை.

அதற்கப்புறம் அவனைப் பலமுறை பார்த்தேன். மூன்றாவது வருடம், எண்பதுகளின் தொடக்கம், ஃபைல் கடைசி மேஜைக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, அந்த நல்ல செய்தியைச் சொல்ல ஜெயிலுக்கு ஓடினேன். வாசலில் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "அவரா? போன வாரமே ஆஸ்பத்திரியில இறந்துட்டாரே. ஊருக்கு லெட்டர் போட்டாச்சே. யாரும் வராததால அடக்கம் பண்ணிட்டோம்" என்றார். அந்த லெட்டர் அடிவாரத்துப் போஸ்டாபீஸைத் தாண்டியிருக்கவில்லை.

மறுபடியும் ஜீப், மறுபடியும் நடை.

இந்த இடத்தில் உங்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும், அதற்குத்தானே இத்தனையும். அப்பீல் காரணங்களைத் தீர்ப்பிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். தீர்ப்பில் இருப்பது, யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ சொன்ன பதில். யாரும் கேட்காதது அதில் இருக்காது. கட்சிக்காரரோ அவர் வீட்டாரோ ஒரே விஷயத்தை இரண்டாம் முறை சொன்னால், பேனாவை வைத்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று கேளுங்கள். அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் கேளுங்கள். விசாரிக்காமல் விட்ட சாட்சியை நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். நீதிபதி அவகாசம் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் மானம் ஒன்றும் கப்பலேறிவிடாது. போகிறது வேறு ஒருவரின் உயிர்.

அன்றைக்குச் செல்லியும் காளியம்மாவும் வீட்டு முன்னால் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் செல்லி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். சொன்னேன். காளியம்மா வாய்விட்டு அழுதாள். செல்லி அழவில்லை.

"எங்க செத்தாரு?" என்று கேட்டாள்.

"ஜெயில் ஆஸ்பத்திரியில."

"அங்க யாருனா வுழுந்தாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கவுண்டர் சொன்னது ஞாபகம் வந்தது. "இல்லம்மா. யாரும் வுழல" என்றேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் முன்னால் விழுந்தேன். "தப்பு என்னுது" என்றேன். நெற்றியில் மண் ஒட்டியது. கிடந்தேன். காளியம்மாவின் அழுகை நின்றுபோனது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றது தெரிந்தது. செல்லியின் கால்கள் என் கண்ணுக்கு எதிரே இருந்தன. அவை அசையவில்லை.

"எழுந்திருங்க, வக்கீலய்யா. ஜீப்பு போய்டும்" என்றாள்.

அவள் கை என் தோளில் படவில்லை. நானே எழுந்துகொண்டேன்.